மேசைப் பணம் 22 மணி நேரம்தான் தாங்கும்

ஏலச்சீட்டு நடத்துபவரின் கமிஷனுக்கு 1982 சட்டம் வைத்த வரம்பு 5 சதவீதம். 2019 திருத்தத்தில் அது 7 ஆனது. சென்னையில் சீட்டுப் போடுகிறவர்கள் இதற்காக முகம் சுளிப்பதில்லை, மாதத்துக்கு ஒருமுறைதானே. ஆன்லைன் போக்கர் தளங்கள் பலவும் ஒவ்வொரு பாட்டிலிருந்தும், அதாவது நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து, அதே 5 சதவீதத்தைத்தான் எடுக்கின்றன. ஆனால் மணிக்கு 45 தடவை. இந்தப் பிடித்தத்துக்குப் பெயர் ரேக்.

கணக்கைப் போட்டுவிடலாம். ஆறு பேர் டேபிள். நடுவில் மூன்று சீட்டு திறந்தால்தான், அதாவது ஃப்ளாப் விழுந்தால்தான், ரேக் எடுப்பது வழக்கம். 100 ஆட்டத்தில் 60 ஃப்ளாப் வரை போகிறது, சராசரி பாட் 12 பிக் பிளைண்ட் (ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகைதான் பிக் பிளைண்ட்) என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக்கு 0.6 வீதம் 60 பாட்டுக்கு 36, தலைக்கு 6. மற்றவர்களைவிட 100 ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் நன்றாக ஆடுகிறவரும் ரேக் போக நஷ்டத்தில்தான் எழுந்திருப்பார். சதவீதம் இதைக் காட்டாது. 100 ஆட்டத்துக்குத் தலைக்கு எத்தனை பிக் பிளைண்ட் போகிறது என்பதுதான் உண்மையான கட்டணம்.

அந்த ஆறு பேரும் தலைக்கு 100 பிக் பிளைண்ட் கொண்டுவந்தால் மேசையில் 600. மணிக்கு 75 ஆட்டம் ஓடினால் ரேக் 27. புதுப்பணம் வராவிட்டால் சுமார் 22 மணி நேரத்தில் மேசையிலிருந்த மொத்தமும் தளத்தின் பைக்குப் போய்விடும். பெரிய தளத்தில் தினமும் புதியவர்கள் வருவதால் இது கண்ணில் படாது. இருநூறு பேர் இருக்கும் தளத்தில் இரண்டே மாதத்தில் டேபிள்கள் காலியாகிவிடலாம். நடத்துபவரோ கூட்டம் குறைந்ததே என்று விளம்பரத்துக்குச் செலவழித்துக்கொண்டிருப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் ரம்மியையும் திறமை விளையாட்டாகவே பார்த்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துவதே அதன்படி குற்றம். பணம் கிரிப்டோவில் வந்தாலும் அப்படித்தான். ஆகவே இது இந்தியாவில் கடை திறக்க வழிகாட்டி அல்ல, இயங்கும் விதத்தின் விளக்கம்.

சிறிய தளத்தில் உண்மையில் விற்பனையாவது ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. காலி டேபிளில் முதலில் உட்காருபவர்தான் தளத்துக்கு அதிகம் தேவைப்படுகிறவர், ரேக் அதிகமாகக் கடிப்பதும் அவரைத்தான். இரண்டு பேர் ஆடும்போது சராசரி பாட் 8, அதே 60 ஃப்ளாப் என்றால் ரேக் 24, தலைக்கு 12. ஆறு பேர் டேபிளைப் போல இரண்டு மடங்கு! யார் காத்திருப்பார்கள்? இருவர் இருக்கும்போது விகிதத்தை 2 சதவீதமாக்கினால் தலைக்கு 4.8 ஆகிறது. ஐந்தாவது ஆள் வந்தபின் பழைய விகிதத்துக்குத் திரும்பலாம். பெரிய பாட்டுகளுக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். இவ்வளவையும் செய்யாமல் போனஸை மட்டும் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ரேக்கில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது ரேக்பேக். யார் எவ்வளவு ரேக் கட்டினார் என்று எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் ஆட்டத்தின் போக்கே மாறுகிறது. 40 பிக் பிளைண்ட் பாட், ரேக் 2 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆளுக்கு 19.25 போட்டிருக்கிறார்கள்; சிறு பிளைண்ட் (பிக் பிளைண்டில் பாதியாகக் கட்டாயம் வைக்கும் தொகை) 0.5, பிக் பிளைண்ட் 1 வைத்தவர்கள் சீட்டை மடக்கி விலகிவிட்டார்கள். சீட்டு வாங்கிய ஆறு பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 0.33. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் அதே தொகை, ஆக மேசை தூங்கிவிடும். போட்ட பணத்தின் விகிதத்தில் பிரித்தால் ஆடிய இருவருக்கும் தலா 0.96, சிறு பிளைண்டுக்கு 0.025 மட்டுமே. சிறிய தளத்துக்கு இரண்டாவது முறையே சரி.

அதிக ரேக் கட்டியவருக்கு நிலையான பரிசு என்று வாரப் போட்டி வைப்பது இன்னும் ஆபத்து. பரிசு 500, போட்டியாளர்களோ நாலு பேர் என்றால், ஒருவரே இரண்டு கணக்கு திறந்து தன்னோடு தானே ஆடி 300 ரேக் கட்டிவிட்டு 500-ஐ வாங்கிப் போவார். எந்தக் கணக்குக்கும் எல்லாச் சலுகைகளும் சேர்ந்து கட்டிய ரேக்கைத் தாண்டக்கூடாது என்ற வரம்பைச் சர்வரிலேயே எழுதிவிட வேண்டும். ஜாக்பாட் வேண்டவே வேண்டாம். மாதக்கணக்கில் பணத்தை முடக்கிவைக்கும்.

தளம் பணத்தைக் கிரிப்டோவில் வாங்கினால் அது தனிக் கணக்கு. சட்டோஷிகளை (பிட்காயினின் மிகச் சிறிய அலகு, பத்துக் கோடி சேர்ந்தால் ஒரு பிட்காயின்) முழு எண்களாகவே வைத்திருங்கள்: 730 சட்டோஷி பாட்டில் 5 சதவீதம் 36.5, எடுப்பது 36. தசமத்தில் சேமித்தால் சில ஆயிரம் ஆட்டங்களில் வரவும் இருப்பும் ஒட்டாமல் போகலாம். பிட்காயின் அனுப்பும் கட்டணம் தொகையைப் பார்த்து வருவதில்லை, பரிவர்த்தனையின் அளவைப் பார்த்து வருகிறது. செக்விட் முகவரியில் (பரிவர்த்தனையின் அளவைக் குறைக்கும் பிட்காயின் முகவரி வகை) ஒருவருக்குத் தனியாக அனுப்பினால் சுமார் 141 விபைட்; அந்த அளவின் அலகுதான் விபைட். 20 பேரை ஒரே பரிவர்த்தனையில் சேர்த்தால், அதற்கு ஒரே உள்ளீடு (முன்பு வந்து சேர்ந்த ஒரு தொகை) போதுமென்றால், மொத்தம் 730 விபைட், தலைக்கு 37-க்கும் குறைவு. பணம் எடுப்பதை மணிக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பினாலே செலவு நாலில் ஒரு பங்காகிறது.

டெபாசிட்டில்தான் பலரும் ஏமாறுவது. வந்து சேர்ந்த ஒவ்வொரு தொகையையும் பின்னால் செலவழிக்க 68 விபைட் ஆகும். விபைட்டுக்கு 20 சட்டோஷி என்றால் 1,360. ஆயிரம் சட்டோஷி கட்டியவரின் பணம் கணக்கில் இருக்கும், நகர்த்தினால் நஷ்டம். குறைந்தபட்ச டெபாசிட்டை இதற்குப் பல மடங்கு மேலே வைத்துவிட்டு, சில்லறைத் தொகைகளை லைட்னிங் (பிட்காயினின் மேல் இயங்கும், சிறு தொகைகளுக்கான வலையமைப்பு) வழியாக மட்டும் வாங்க வேண்டும்.