தொட்டா நீலமாகுற மஞ்சள் பட்டன்

கிருஷ்ணகிரி பக்கம் சந்தூர்ல எங்க மாமா மாங்கன்னு நர்சரி வெச்சிருக்காரு, அதுக்கு ஒரே பக்கத்துல ஒரு வெப்சைட் போட்டுக் குடுத்தேன், பூட்ஸ்ட்ராப்ல தான், அதாவது பட்டன், பெட்டியெல்லாம் எப்படித் தெரியணும்னு முன்னாடியே எழுதி வெச்ச ரெடிமேட் சிஎஸ்எஸ். ஆர்டர் பட்டன் மட்டும் மாம்பழ மஞ்சள்ல. லேப்டாப்ல சூப்பரா இருந்துச்சு, மாமா போன்ல அமுக்கிப் பாத்துட்டு, "ஏன் மாப்ள, தொட்டா நீலமாவுது?"ன்னாரு.

தப்பு என்னோடது தான். சிஎஸ்எஸ்னா இது இந்தக் கலர், இந்த அளவுன்னு சொல்ற ரூல் தான், ஒரே பட்டனுக்கு ரெண்டு ரூல் இருந்தா எதைக் கேக்கணும்னு பிரவுசர் ஒரு கணக்கு வெச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுக்குன்னு வெக்கிற பேரு ஐடி, அதுக்கு வெயிட் அதிகம், அதுக்கடுத்து பலதுக்கும் பொதுவா வெக்கிற பேரு, கிளாஸ், கடைசியா பட்டன், படம்னு வகைய மட்டும் சொல்ற டேக். வெயிட் சமமா இருந்தா பின்னாடி எழுதுனது ஜெயிக்கும். நான் ஒரு கிளாஸ வெச்சு மஞ்சள்னு எழுதிட்டேன், பூட்ஸ்ட்ராப்காரங்க ஃபைலுக்கு அப்புறம் என் ஃபைல் வந்ததால மஞ்சள் வந்துச்சு. ஆனா அவங்க ஹோவருக்குன்னு, அதாவது மவுஸ் மேல வந்து நிக்கிறப்பன்னு, தனியா ஒரு ரூல் எழுதியிருக்காங்க, கிளாஸ் ஒண்ணு ஹோவர் ஒண்ணு, ஆக ரெண்டு, என்னோடது ஒண்ணு தான், அப்ப எது ஜெயிக்கும்? போன்ல மவுஸ் கிடையாதா, ஒரு தடவ தொட்டா வேற எங்கயாவது தொடுற வரைக்கும் அந்த ஹோவர் அப்படியே ஒட்டிக்கும் வேற.

இதை மாமாகிட்ட சொன்னா அவர் சிரிக்கிறாரு, "ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளணும், இல்லன்னா அடிச்செடி தான் வளரும், அது தானே?" அதே தான் மாமா. பூட்ஸ்ட்ராப் மாதிரி சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க்னா வேற யாரோ வளத்த அடிச்செடி, நம்ம டிசைன அது மேல ஒட்டுறோம். நான் கிள்ள வேண்டியது ஹோவர் கலருக்குன்னு அவங்க பேர் போட்டு வெச்சிருக்குற வேரியபிள், அதுல மஞ்சள்னு மாத்துனா போதும், அதை விட்டுட்டு எல்லாரும் பண்றாப்ல வெயிட் கணக்கையே தாண்டிப் போற இம்பார்ட்டன்ட் போட்டேன், அப்புறம் அத ஜெயிக்க இன்னொரு இம்பார்ட்டன்ட்.

அப்ப இது எதுக்கு வந்துச்சுன்னா, 2011 ஆகஸ்ட்ல ட்விட்டர்ல வேலை பாத்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தோர்ன்டனும் பூட்ஸ்ட்ராப்ப வெளியிட்டாங்க. அந்தக் காலத்துல பக்கத்துல பக்கத்துல ரெண்டு பெட்டி நிக்க வைக்கவே ஃப்ளோட்னு ஒரு சிஎஸ்எஸ் வழி தான், அது படத்தச் சுத்தி எழுத்து ஓடறதுக்குன்னு வந்தது, அதை வெச்சு லேஅவுட் போட்டா ஒரு பிரவுசர்ல நிக்கும் இன்னொண்ணுல சரிஞ்சிரும். அதனால பக்கத்த பாகமா பிரிச்சுக் குடுத்தாங்க, மொதல்ல 16, அடுத்த வருஷம் 12, அது 2, 3, 4, 6 எல்லாத்துலயும் வகுபடும்ல. உண்மையிலயே பெரிய உபகாரம்.

ஆனா 2017 மார்ச்ல குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூணுலயும் கிரிட் வந்துருச்சு, பக்கத்த கட்டம் கட்டமா பிரிக்க பிரவுசருக்குள்ளயே இருக்குற வழி. மாமாவோட கன்னு போட்டோவெல்லாம் போன்ல ஒண்ணு, லேப்டாப்ல நாலுன்னு தானா அடுக்கிக்க இப்ப ஒரே வரி போதும், ஆட்டோ ஃபிட் போட்டு, ஒரு பெட்டி 220 பிக்ஸலுக்குக் கொறையக்கூடாதுன்னு சொன்னா மிச்சத்த பிரவுசரே பாத்துக்குது.

ஃபைல் சைஸும் பாக்கணும். பூட்ஸ்ட்ராப் 5 முழு ஃபைல் சுருக்குனதே 200 கேபிக்கு மேல, ஜிப் ஆகி வர்றப்ப 30 கேபி கிட்ட தான், ஆனா சிஎஸ்எஸ் வந்து சேர்ற வரைக்கும் பிரவுசர் ஒண்ணுமே காட்டாது. குரோம்ல கவரேஜ்னு ஒரு டேப் இருக்கு, தொறந்து பாத்தேன், மாமா பக்கத்துக்கு முக்காவாசிக்கு மேல சிவப்பு, அதாவது தொடாத ரூல். டெயில்விண்ட்னு இன்னொரு ஃபிரேம்வொர்க் இதுல கெட்டி, நம்ம ஃபைல்ல எந்த கிளாஸ் பேர் எழுதியிருக்கோம்னு தேடி அதை மட்டும் தான் செஞ்சு குடுக்கும், என்ன, எச்டிஎம்எல்ல ஒரு பட்டனுக்கு பதினஞ்சு கிளாஸ் தொங்கும், எனக்கு அத படிக்கவே கண்ணு வலிக்குது.

இதுக்காக ஃபிரேம்வொர்க்கே வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன். ஓசூர்ல ஒரு கம்பெனி பில்லிங் ஸ்கிரீன் பண்றோம், நாலு பேரு, நாப்பது ஃபார்ம், டேபிள், டிராப்டவுன், அங்க பூட்ஸ்ட்ராப் இல்லன்னா ஆளுக்கொரு பட்டன் செஞ்சு வெப்பாங்க. மாமாவோடதுக்கு மட்டும் தூக்கிட்டு நானே 90 வரி எழுதிட்டேன். பட்டன் இப்ப தொட்டாலும் மஞ்சள் தான். மாமா அடுத்து கேக்குறாரு, "செந்தூரா போட்டோ மட்டும் கொஞ்சம் பெருசா வருமா மாப்ள?"