சிவலைப் பிள்ளைக்கு எந்த நிறம்?

"பிள்ளை சிவலை, எதைக் கட்டினாலும் வடிவாத்தான் இருக்கும்." கூறையோடு வருகிற தாய்மார் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் படியேறுவார்கள். திருகோணமலையில் 14 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அந்தச் சொல்லை நம்பி வாங்கிய சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்ததும் முகம் வாடிய பிள்ளைகள் எத்தனையோ பேர். நிறம் பிழைத்தால் சட்டென்று காட்டிக்கொடுப்பது வெளுத்த தோல்தான். பக்கத்தில் இருக்கும் துணியின் சாயல் அதில் அப்படியே விழும்.

ஒருமுறை சாமத்தியவீட்டுக்கு ஒரு பிள்ளையை ஆயத்தப்படுத்தினேன். கிளிப்பச்சைப் பட்டு. அறைக்குள் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முற்றத்து வெயிலுக்கு வந்ததும் தாடைக்குக் கீழே பச்சை படர்ந்து, பிள்ளை காய்ச்சலில் கிடந்து எழும்பியதுபோல் ஆகிவிட்டாள். முகத்துக்குப் போட்டதில் ஒரு குறையும் இல்லை. வெயில் பட்டுச்சேலையில் பட்டு முகத்துக்குத் திரும்பியதால் வந்தது. மெரூன் நிறச் சால்வை ஒன்றைக் கழுத்தோரம் மடித்து விட்ட பிறகுதான் முகத்தில் உயிர் வந்தது.

சிவலை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே நிறம் இல்லை. தோலின் நிறம் அதைக் கறுக்கவைக்கும் மெலனின் என்ற நிறப்பொருளால் மட்டும் வருவதில்லை. உள்ளே ஓடும் இரத்தத்தின் சிவப்பும், கரட் போன்ற சாப்பாட்டிலிருந்து வரும் கரோட்டினின் மஞ்சளும் அதில் சேர்கின்றன. அதனால் ஒரே அளவு வெளுப்பான இரண்டு பேரைப் பக்கத்தில் இருத்தினால் ஒருவர் குழைத்த சந்தனம்போல் இருப்பார், மற்றவர் ரோசாப்பூ இதழ்போல் இருப்பார். இலேசான பச்சை கலந்த மஞ்சள் தோலும் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. இந்த அடிநிறம் வெயிலில் கறுத்தாலும் பெரும்பாலும் மாறாது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. முகத்தைக் கழுவிப் பவுடர் போடாமல் காலை வெளிச்சத்தில் வாசலுக்கு வாருங்கள். மரத்துக்குக் கீழே நிற்க வேண்டாம், இலையின் பச்சை முகத்தில் விழும். வீட்டில் இருக்கும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கழுத்தோடு பிடித்துப் பாருங்கள். பிறகு பழுப்பு வெள்ளைத் துணி ஒன்றை அதேபோல் பிடியுங்கள். தூய வெள்ளையில் முகம் தெளிந்தால் உங்கள் அடிநிறம் ரோசாப் பக்கம், பழுப்பு வெள்ளையில் தெளிந்தால் மஞ்சள் பக்கம். மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்க்கச் சொல்வார்கள். நான் அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. வெளிச்சம் மாறினால் நரம்பின் நிறமும் மாறித் தெரியும்.

இணையத்தில் வெளுத்த தோலுக்கென்று வரும் நிற அட்டவணைகளை அப்படியே எடுக்காதீர்கள். அவற்றில் பல பொன்முடியும் நீலக் கண்ணும் உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தவை. எங்களுக்கு முடியும் கண்ணும் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு ஈடுகொடுக்க ஆழமான நிறம் வேண்டும். மஞ்சள் அடிநிறத்துக்கு அரக்கு, கடுகு மஞ்சள், இராமர் பச்சை, செங்கல் சிவப்பு எல்லாம் எடுப்பாக இருக்கும். ரோசா அடிநிறத்துக்கு மாதுளைச் சிவப்பு, கத்தரிப்பூ ஊதா, எம்.எஸ். நீலம் என்கிற ஆழ்ந்த நீலம், வெள்ளிச் சரிகை. சந்தன நிறப் பட்டில்தான் சிவலைப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். தோலும் துணியும் ஒன்றாகிவிட, முகம் காணாமல் போய்விடும். ஆசைப்பட்டால் கட்டாயம் கட்டுங்கள், ஆனால் பிளவுஸும் கரையும் கடும் நிறமாக இருக்கட்டும்.

மத்திய வீதிக் கடைகளில் சேலை பார்க்கும்போது கடைக்காரரிடம் கேட்டு வாசல்வரை கொண்டுவந்து பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை லைட்டில் ஊதா ஒரு விதம், வெளியே வேறு விதம்.

அப்புறம் ஃபவுண்டேஷன். தொழில் தொடங்கிய காலத்தில் நான் விட்ட பிழை இன்னும் மனதில் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் வெள்ளையாப் போடுங்க தங்கச்சி" என்று ஒரு தாய் கேட்டார். ஏற்கெனவே சிவலையான பொம்பிளைக்கு இரண்டு படி வெளுப்பாகப் போட்டுவிட்டேன். படங்களில் முகம் சுண்ணாம்பு, கழுத்தும் கையும் வேறு ஆளுடையவைபோல் இருந்தன. மேலே தட்டிய பவுடரும் ஃபிளாஷில் வெளுத்துக் காட்டியது. சிலிக்கா, டைட்டானியம் டையொக்சைட் கூடிய பவுடரும் சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அந்தப் பிள்ளையின் கலியாண அல்பத்தை இனித் திருத்த முடியாது. அன்றிலிருந்து ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் யாரையும் மணவறைக்கு அனுப்பியதில்லை.

தாடையும் கழுத்தும் சந்திக்கும் இடத்தில் மூன்று கோடு போடுங்கள். 15 நிமிடம் விடுங்கள், சில ஃபவுண்டேஷன் காற்றுப்பட்டுக் கறுக்கும். எந்தக் கோடு தோலில் மறைந்துபோகிறதோ அதுதான் உங்களுடையது. உதட்டுக்குத் தோல் நிற லிப்ஸ்டிக் போட்டால் இரத்தமில்லாத முகமாகிவிடும், ஒரு படியாவது கூட்டுங்கள். நிலாவெளியில் விடியப் படம் எடுப்பவர்கள் ஒறேஞ்ச் சாயலைக் குறையுங்கள், அந்த வெயிலே போதிய ஒறேஞ்ச்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சிவலையாக இருக்கிற பிள்ளைகளே இன்னும் வெளுக்க லேபல் இல்லாத கிறீம் பூசிக்கொண்டு வருகிறார்கள். அப்படியானவற்றில் பாதரசமோ ஸ்டீரோய்டோ இருக்கலாம். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்த 2023இல் முடிவெடுத்தன. ஸ்டீரோய்ட் தோலை மெலிதாக்கும். கன்னத்தில் சிவப்பு நரம்பு வலைபோல் தெரியும், வெயில் பட்டால் எரியும். அந்தக் கன்னத்துக்கு எந்த நிறமும் ஒத்துவராது. பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் கிறீமையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். ஸ்டீரோய்டைத் திடீரென்று விட்டால் முகம் பொங்கிச் சிவக்கும், நிறுத்துவதும் அவர் சொல்லும் விதத்தில்தான்.

ஒத்திகை அலங்காரத்துக்கு வருகிறவர்கள் பகலில், பவுடர் போடாமல், கூறையின் பிளவுஸ் துணியோடு வாருங்கள். கண்ணாடிக்கு முன் இருத்துவதற்கு முதல் உங்களை என் வாசலில்தான் நிறுத்துவேன்.