லுட்டீசியம்: ஒரு நியூட்ரான் கூடினால்

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கத்துத் தமிழர்களிடம் "டிராம்பேயில் வேலை" என்று சொன்னால், பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று உடனே புரிந்துகொள்வார்கள். அங்கே 1985 முதல் இயங்கும் துருவா உலையில் தயாராகும் கதிரியக்க மருந்துப் பொருள்களில் ஒன்று லுட்டீசியம்-177. லுட்டீசியம் ஓர் அருமண் உலோகம். அதன் 175, 176, 177 ஆகிய மூன்று ஐசோடோப்புகளின் ஆயுள்கள் விசித்திரமானவை.

மூன்றிலும் புரோட்டான்கள் 71தான். நியூட்ரான்கள் முறையே 104, 105, 106. இயற்கை லுட்டீசியத்தில் 97 சதவீதத்துக்கு மேல் இருப்பது 175, அது சிதைவதில்லை. மீதி 2.6 சதவீதம் 176. இதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதிக் கருக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 3,700 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். 177-க்கோ வெறும் 6.65 நாள்.

இதில் புதிர் 176தான். கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் தத்தம் இனத்தோடு ஜோடி சேர விரும்புபவை. 176-இல் இரண்டுமே ஒற்றைப்படை. இரு பக்கமும் ஒன்று தனித்து நிற்கிறது. இப்படிப்பட்ட கருக்கள் பெரும்பாலும் சீக்கிரமே சிதைந்துவிடும். இது மட்டும் ஏன் தாக்குப்பிடிக்கிறது?

காரணம் தற்சுழற்சி, அதாவது கரு தனக்குள் வைத்திருக்கும் சுழல் அளவு. 176-இன் தற்சுழற்சி 7. சிதைந்தால் அது அடுத்த தனிமமான ஹாஃப்னியம்-176 ஆக வேண்டும். அதன் அடிநிலையில், அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையில், தற்சுழற்சி பூஜ்யம். மொத்தச் சுழற்சி மாறக் கூடாது. சிதைவில் வெளியேறும் எலக்ட்ரானும் நியூட்ரினோ என்ற நுண்துகளும் அவ்வளவு சுழற்சியைச் சுமந்து செல்வது மிக அரிது. தலையில் பெரிய மூட்டையோடு தாதரில் இறங்க நினைக்கும் மின்ரயில் பயணியின் கதைதான்: இறங்கும் ஆசை உண்டு, வாசலில் வழி இல்லை. ஹாஃப்னியத்தில் தற்சுழற்சி 6 உள்ள, ஆற்றல் கூடிய கிளர்ந்த நிலை ஒன்று இருக்கிறது. சிதைவு அதன் வழியாகவே நடக்கிறது. அங்கும் இரு கருக்களின் உள் அமைப்பு ஒத்துப்போகாததால் தாமதம்தான்.

177-க்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் தற்சுழற்சியும், அது மாறிச் சேரும் ஹாஃப்னியம்-177-இன் தற்சுழற்சியும் ஒன்றே. கதவு திறந்தே கிடக்கிறது.

176 நியூட்ரான்களை ஆவலோடு விழுங்கும். செறிவூட்டிய 176-ஐ உலையில் வைத்தால் 177 கிடைத்துவிடும். புற்றுச் செல்லைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றோடு அதை இணைத்து, நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கும் புராஸ்டேட் புற்றுக்கும் ஊசியாகச் செலுத்துகிறார்கள். அது வீசும் பீட்டா துகள் (சிதைவில் வெளியேறும் எலக்ட்ரான்) திசுவில் 2 மில்லிமீட்டர் அளவுக்கே செல்லும். கூடவே வரும் காமா கதிர், மருந்து எங்கே தங்கியது என்று படம் எடுக்கவும் உதவும். ஆனால் அலமாரியில் வாங்கி வைக்கிற மருந்தில்லை இது. நோயாளி ஒரு வாரம் தாமதித்தால் பாதிக்கு மேல் கரைந்திருக்கும்.

176-உம் மருத்துவமனைக்குள் இருக்கிறது. உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படம்பிடிக்கும் பல பெட் ஸ்கேன் கருவிகளின் உணரிப் படிகங்கள் லுட்டீசியம் சேர்ந்த சேர்மங்களால் ஆனவை. இயற்கை லுட்டீசியம் ஒரு கிராமில் நொடிக்கு ஐம்பது கருக்கள்போலச் சிதைகின்றன. அதனால் மேசையில் யாரும் படுக்காதபோதும் கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். பெட் ஸ்கேன் தேடுவது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள கதிர்களை. 176-இன் காமா கதிர்கள் ஒவ்வொன்றும் அதைவிடப் பலவீனமானவை என்பதால் பெரும்பாலானவற்றை ஆற்றல் வடிகட்டியே தள்ளிவிடுகிறது.