பூட் சர்வரை ஓட விடுவதற்கு முன்

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகள் பத்துப் பதினைந்தை ஒன்றாக ஓட்டுபவர்கள், அவை பூட் ஆக (இயங்கத் தொடங்க) உதவும், ஆனால் அடிக்கடி கெட்டுப்போகும் எஸ்டி கார்டுகளோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போவார்கள். ஒரே சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக எல்லாவற்றையும் பூட் செய்துவிட்டால் என்ன என்று தோன்றும். நல்ல யோசனைதான். எனக்கும் தோன்றியது. தனி ஸ்விட்ச் போட்டுச் சோதிக்காமல், பிறர் வேலை பார்த்துக்கொண்டிருந்த நெட்வொர்க்கிலேயே டிஎன்எஸ்மாஸ்க்கை (ஐபி முகவரியும் பூட் கோப்புகளும் தரும் சர்வர் மென்பொருள்) ஓட விட்டேன். பை அழகாக பூட் ஆனது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக 'நெட் வரலையே' என்று எழுந்து வந்தார்கள்.

பூட் ஆகும் பை முதலில் 'எனக்கு ஐபி முகவரி யார் தருவீர்கள்?' என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். பதில் சொல்வது டிஹெச்சிபி சர்வர். ரூட்டர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்க, என் சர்வரும் போட்டிக்கு முகவரி கொடுத்தது. போதாக்குறைக்கு, வெளியே போகும் வழி தானே என்றும் சொன்னது. நிறுத்திய பிறகும் தொல்லை ஓயவில்லை. வாங்கிய முகவரியைக் குத்தகைக் காலம் (அது செல்லுபடியாகும் நேரம்) முடியும்வரை கணினிகள் எளிதில் விடாது.

ரூட்டர் இருக்கும் இடத்தில் ப்ராக்ஸி டிஹெச்சிபி முறைதான் சரி. முகவரியை ரூட்டர் தரும். பூட் கோப்புகள் இருக்கும் இடத்தை மட்டும் நம் சர்வர் சொல்லும். டிஎன்எஸ்மாஸ்க்கின் டிஎன்எஸ் வேலை (இணையதளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்வது) தேவையில்லை என்றால் அதன் போர்ட்டை 0 என்று வைத்துவிடுங்கள். டிஎன்எஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் 53-ஆம் போர்ட்டுக்கு வேறொரு சேவையோடு சண்டை வராது.

பை பக்கமும் கவனிக்க வேண்டும். 3பி மாடலில் நெட்வொர்க் பூட்டை ஒருமுறை இயக்கினால் அது சிப்பிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. 3பி பிளஸ்ஸில் அது முன்பே இயங்கும் நிலையில் வருகிறது. பை 4-இல் எதிலிருந்து முதலில் பூட் ஆவது என்ற வரிசை, ஓர் எண்ணாக ஈப்ராமில் (மாற்றி எழுதக்கூடிய நினைவகச் சிப்) இருக்கிறது. அந்த எண்ணை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்: 1 என்றால் கார்டு, 2 என்றால் நெட்வொர்க்.

மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து நிறுவுவதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டிஎன்எஸ்மாஸ்க்கில் 2017-இல் 7 பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாகி 2.78 பதிப்பில் அடைக்கப்பட்டன; 2021-இல் மறுபடியும் 7, அவை 2.83-இல். டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் வைத்திருந்தவர்களுக்கு வழக்கமான அப்டேட்டிலேயே திருத்தம் வந்திருக்கும். கையால் கம்பைல் செய்தது அப்படியே கிடக்கும். கம்பைல் செய்தே ஆக வேண்டுமென்றால் டெப் பேக்கேஜாகக் கட்டுங்கள், சுத்தமாக நீக்கவாவது முடியும்.

பூட் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபிக்குக் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது. கோப்பின் பெயர் தெரிந்த யாரும் எடுத்துக்கொள்ளலாம். பையின் கோப்புப் பெயர்களோ ஊரறிந்தவை. அந்த ஃபோல்டரில் ரகசியம் எதையும் வைக்காதீர்கள். பையின் ரூட் ஃபைல்சிஸ்டத்தை (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் இடம்) என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வழியாகக் கொடுக்கும்போது, பையின் ரூட் பயனருக்கு அந்தக் கோப்புகளிலும் ரூட் உரிமை தரும் 'நோ ரூட் ஸ்குவாஷ்' போட்டே தீர வேண்டியிருக்கும். அனுமதித்த ஐபியை வேறொரு கணினி போட்டுக்கொண்டால், அதற்கும் ரூட் உரிமையோடு எழுத முடியும். அதனால்தான் இப்போதெல்லாம் பைகளுக்குத் தனி விலான் (பிறரிடமிருந்து பிரித்த நெட்வொர்க்) கேட்டு வாங்கிய பிறகுதான் சர்வர் பெட்டியையே திறக்கிறேன்.