ஆவிக்குரிய: இட்லிப் பானையில் தொடங்கும் ஒரு சொல்

எங்கள் சபையின் மாத இதழுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் நான். சம்பளம் கிடையாது, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு டீ, இரண்டு மசால் வடை. போன மாதம் 'அன்றாட வாழ்வில் ஆன்மீகம்' என்று ஒரு கட்டுரை வந்தது. 'மீ'யை அடித்து 'மி' என்று திருத்தி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஒரு பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். வேலூர் தோட்டப்பாளையத்தில் பல வருடமாக இட்லி சுட்டு விற்பவர். "மீயோ மியோ, அது நம்ம வார்த்தையே இல்லையே தம்பி. நாம ஆவிக்குரிய வாழ்க்கைன்னுதானே சொல்லுவோம்?" என்றார்.

நியாயமான கேள்வி. வடையை மென்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை.

முதலில் அந்த எழுத்துப் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். ஆன்மா என்பதோடு 'இக' என்ற வடமொழி ஈறு சேர்ந்தது ஆன்மிகம். வைதிகம், லௌகிகம், நாத்திகம், ஆத்திகம் எல்லாம் அதே வார்ப்பு, எல்லாவற்றிலும் குறில்தான். நாத்திகத்தைச் சரியாக எழுதுகிற கை ஆன்மிகத்துக்கு வந்ததும் ஏனோ நீண்டுவிடுகிறது. ஐதிகமும் இப்படித்தான் ஐதீகம் ஆகிப்போனது. திருத்துவது என் வேலை, திருத்துகிறேன். இதற்காக யாரோடும் சண்டைக்குப் போவதில்லை.

ஆன்மா என்பது சமஸ்கிருத 'ஆத்மன்'. அதன் பழைய பொருள்களில் ஒன்று மூச்சு. ஜெர்மன் மொழியில் இன்றும் மூச்சுக்கு 'ஆடெம்' என்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் இந்தியத் தத்துவங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டன. இன்று ஆத்மா என்றதும் மூக்கும் மூச்சும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

தமிழின் ஆவி அப்படி ஓடிப்போகவில்லை. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிப்பது ஆவி. சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, போர்வையை மூடிக்கொண்டு பிடிப்பது ஆவி. வாயைப் பிளந்தால் வருவது கொட்டாவி. அதற்குள்ளும் ஓர் ஆவி இருக்கிறது. ஆள் போய்விட்டால் ஆவி பிரிந்தது என்கிறோம். நன்னூலில் உயிரெழுத்துக்கே ஆவி என்று ஒரு பெயர் உண்டு. நீராவி, மூச்சு, உயிர் மூன்றும் ஒரே சொல்லுக்குள், ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

எங்கள் ஊரிலிருந்து சித்தூர் பக்கம்தான். காட்பாடி தாண்டினால் தெலுங்கு கலந்துவிடும். தெலுங்கிலும் நீராவிக்கு 'ஆவிரி' என்று நம் சொல்லின் உடன்பிறப்பே இருக்கிறது. மலையாளத்தில் 'ஆவி' அப்படியே இருக்கிறது. ஆனால் வேதாகமத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது தெலுங்கில் பரிசுத்தாத்மா என்று வைத்தார்கள், மலையாளத்தில் பரிசுத்தாத்மாவு, கன்னடத்தில் பவித்ராத்மா. தமிழ் மட்டும் அடுப்படிச் சொல்லை எடுத்து 'பரிசுத்த ஆவி' என்றது. எனக்கு இது பெரிய விஷயமாகப்படுகிறது. பரிசுத்தம் வடமொழி, ஆவி நம்மூர்ச் சொல். ஒன்று பீடத்திலிருந்தும் இன்னொன்று பானையிலிருந்தும் வந்து கைகோத்து நிற்கின்றன.

தமிழிலும் முதலில் இப்படி இல்லை. போர்த்துக்கீசியர் காலத்துக் கத்தோலிக்கத் தமிழில் 'இஸ்பிரீத்து சாந்து' என்றே சொன்னார்கள். "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து" என்று சிலுவை வரைந்த பாட்டிகள் சென்ற நூற்றாண்டிலும் இருந்தார்கள். இன்று கத்தோலிக்கர்கள் தூய ஆவி, தூய ஆவியார் என்கிறார்கள். 'பழைய திருப்புதல்' என்கிற பழைய வேதாகம மொழிபெயர்ப்பைப் படிக்கும் எங்களுக்குப் பரிசுத்த ஆவியானவர். முன்னொட்டு மாறினாலும் ஆவி மாறவில்லை.

இந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தம் என்பது மூலமொழிகளைப் பார்த்தால்தான் தெரியும். எபிரெயத்தில் 'ரூவாக்': காற்று, மூச்சு, ஆவி. கிரேக்கத்தில் 'ப்நெயுமா': அதுவும் காற்று, மூச்சு, ஆவி. லத்தீனில் 'ஸ்பிரித்துஸ்', மூச்சுவிடுதல் என்ற வினையிலிருந்து வந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரி ஊர்; நுரையீரலைச் சோதிக்க ஒரு குழாயைக் கொடுத்து "நல்லா ஊதுங்க" என்பார்களே, அந்த ஸ்பைரோமெட்ரியின் முதல் பாதியும் ஆங்கில ஸ்பிரிச்சுவாலிட்டியின் முதல் பாதியும் ஒரே வேர். ஆதியாகமத்தில் தேவன் மண்ணை மனிதனாக்கும் இடத்திலும் ஊதல்தான்: "ஜீவசுவாசத்தை அவன் நாசியிலே ஊதினார்."

அதற்கும் முன்னால், வேதாகமத்தின் இரண்டாவது வசனத்திலேயே, "தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்" என்று வருகிறது. கீழே தண்ணீர், மேலே ஆவி. பெரியம்மா தினமும் விடியற்காலையில் பார்க்கிற காட்சி. மொழிபெயர்த்தவர்கள் இட்லியை நினைத்திருக்க மாட்டார்கள், சரி. ஆனால் தமிழில் படிக்கிறவர்களுக்கு அந்தப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆத்மா என்று இருந்தால் கிடைக்காது.

இழப்பும் உண்டு. யோவான் மூன்றாம் அதிகாரத்தில் "காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது" என்று தொடங்கி "ஆவியினால் பிறந்தவன்" என்று முடியும். கிரேக்கத்தில் அந்தக் காற்றும் அந்த ஆவியும் ஒரே சொல்; அந்த விளையாட்டைத் தமிழில் காப்பாற்ற முடியவில்லை. ஆவி வீசாது, பறக்கும்.

அப்புறம் பேய்ச் சிக்கல். ஞாயிறு பள்ளியில் ஏதாவது ஒரு வாண்டு, "ஆவின்னா பேயா டீச்சர்?" என்று கேட்காத வருடம் கிடையாது. "உங்க சர்ச்சுல ஆவி இறங்குமாமே" என்று பக்கத்து வீட்டு நண்பர் கண்ணைச் சிமிட்டுவார். சினிமா செய்த வேலை. ஆங்கிலத்தில் 'ஹோலி கோஸ்ட்' என்று நெடுங்காலம் சொல்லிவிட்டு, பேய்க்கதைகளின் தொல்லையில் ஸ்பிரிட் என்று மாற்றிக்கொண்டார்கள். நமக்கு மாற்ற வேண்டியதில்லை என்பது என் கட்சி. பேய்க்குத் தமிழில் பேய் என்ற நல்ல சொல்லே இருக்கிறது.

ஆக, 'ஆவிக்குரிய' என்பது அப்போஸ்தலர் பவுல் தம் நிருபங்களில் எழுதிய 'ப்நெயுமாத்திகோஸ்' என்ற பெயரடைக்குத் தமிழ். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் ஸ்பிரிச்சுவாலிட்டி என்ற பெயர்ச்சொல்லே கிடையாது. ஆவிக்குரிய மனுஷன், ஆவிக்குரிய சரீரம், ஆவிக்குரிய வரம் என்று அடைமொழியாகத்தான் வரும். அதைத் தனிப் பொருளாக்கிய 'ஸ்பிரித்துவாலித்தாஸ்' ஐந்தாம் நூற்றாண்டு லத்தீனில்தான் தலைகாட்டுகிறது. பிறகு ஐரோப்பாவில் அது குருமார் வர்க்கத்தையும், திருச்சபையின் சொத்து, அதிகாரம் ஆகியவற்றையும் குறிக்கத் தொடங்கியது. பொதுச் சொல் ஒரு கூட்டத்தின் பட்டாவாக மாறிய கதை.

நம்மிடமும் அது நடந்திருக்கிறது. "அவர் ரொம்ப ஆவிக்குரியவர்" என்றால் என்ன அர்த்தம்? நீளமாக ஜெபிப்பார், வெள்ளிக்கிழமை உபவாசம், சினிமா பார்க்க மாட்டார். நான் மெய்ப்புப் பார்க்கும் இதழிலும் அந்தச் சொல் கன்வென்ஷன் செய்திகளுக்குப் பக்கத்திலேயே வரும். சமையல், கடை, பஸ் எதற்கும் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

பவுல் ஆவிக்குரியவர்களுக்குக் கொடுத்த வேலை வேறு. கலாத்தியர் 6:1: "ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்களாகிய நீங்கள் சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்." 'சீர்பொருந்த' என்ற இடத்தில் கிரேக்கத்தில் வரும் வினை, மத்தேயுவில் செபெதேயுவின் மகன்கள் வலைகளைப் பழுதுபார்க்கும் இடத்திலும் வருகிறது. பழைய கிரேக்க வைத்தியத்தில் விலகிய மூட்டைப் பொருத்துவதற்கும் அந்தக் குடும்பச் சொல்தான். அதாவது ஆவிக்குரியவரின் தொழில் வலைக்காரன் தொழில், எலும்பு வைத்தியன் தொழில்.

வேலூர்க்காரனுக்கு இதை விளக்க அதிக தூரம் போக வேண்டாம். பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கும் முன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேறு தசையின் தசைநாணைத் திருப்பிப் பொருத்தி நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தால் போதாது, அந்தக் கையால் பிழைக்க வேண்டும். அதனால் நோயாளிகளுக்குத் தச்சு கற்றுக்கொடுத்து மரப்பொம்மைகள் செய்ய வைத்தார்கள். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையில், உணர்வில்லாத பாதங்களுக்காக மெத்தென்ற ரப்பர் செருப்பு தைத்தார்கள். முள் குத்தினாலும் தெரியாத காலுக்கு அந்தச் செருப்புதான் பாதுகாப்பு. 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்ற வசனத்துக்கு அந்தச் செருப்புப் பட்டறையை விட நல்ல உரையை நான் படித்ததில்லை. அந்தப் பட்டறையை நம்மில் எத்தனை பேர் ஆவிக்குரிய ஊழியம் என்று சொல்வோம் என்பது வேறு கதை. பாட்டும் பிரசங்கமும் இருந்தால் சொல்வோம். ஊசியும் பசையும் இருந்தால் சமூகசேவை என்று வேறு பத்தியில் போடுவோம்.

அதே பவுல்தான் "புசித்தாலும், குடித்தாலும், எதைச் செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்று எழுதினார். ஆவியின் கனி என்று அவர் அடுக்கும் பட்டியலில் அன்பு, சந்தோஷம், சமாதானம் முடிந்ததும் வருவது 'நீடிய பொறுமை'. காந்தி ரோட்டில் சாப்பாட்டு நேரத்தில் கடை நடத்திப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வங்காளத்திலிருந்து வந்த நோயாளியின் மகன் சைகையிலேயே "காரம் வேண்டாம்" என்பான். அவனுக்காகச் சட்னியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும், மூன்றாம் நாளும் முகம் சுளிக்காமல்.

தமிழில் இன்னொரு தொடர் இருக்கிறது: உடல், பொருள், ஆவி. மதம் பார்க்காமல் எல்லோரும் சொல்வது. "உடல் பொருள் ஆவி மூணையும் கொடுத்து வளர்த்தேன்" என்று ஒரு தாய் சொன்னால், ஆவி மட்டும் தனியாக மேலே மிதப்பதில்லை. உடம்புக்கும் பணத்துக்கும் பக்கத்தில், அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ரோமரில் "உங்கள் சரீரங்களை" ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், அதுவே ஆராதனை என்று வருகிற இடத்தை நான் இந்தத் தொடரை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

இனி, எதை எழுதுவது? பொதுவாசகருக்கு எழுதினால் ஆன்மிகம், குறிலோடு. எல்லா மதத்தாருக்கும் புரியும், குறையொன்றும் இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் ஆன்மாவுக்கு 'ஆதன்' என்று எழுதுவார்கள்; அழகான சொல், ஆனால் எங்கள் ஆலயத்தில் சொன்னால் யாருடைய மகன் என்று கேட்பார்கள். 'அகவாழ்வு' என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. உள்ளே மட்டும் நடப்பது என்றாகிவிடும், செருப்பும் சட்னியும் வெளியே நின்றுவிடும். 'ஆவியியல்' வேண்டவே வேண்டாம், அது நள்ளிரவு நிகழ்ச்சிக்குத் தலைப்பு. கிறிஸ்தவ வாசகருக்கு 'ஆவிக்குரிய வாழ்வு' போதும். பெயர்ச்சொல்லாகச் சுருங்காமல் அடைமொழியாகவே இருப்பது குறையென்று நான் நினைக்கவில்லை. எதன் முன்னாலும் வைக்கலாம். ஆவிக்குரிய சமையல், ஆவிக்குரிய கணக்குவழக்கு. முதல் தடவை காதுக்கு விநோதமாக இருக்கும், பழகிவிடும்.

பெரியம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நீங்க சொன்னதுதான் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைப்பை 'அன்றாடம் ஆவிக்குரிய வாழ்வு' என்று மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். பக்கம் வடிவமைத்த பையனுக்கு இடம் போதவில்லை; பாதியை வெட்டிவிட்டான். இதழ் 'அன்றாடம் ஆவி' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

பெரியம்மா அதை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டார். "கடைக்கு விளம்பரம் போட்டுட்டியே தம்பி, எவ்வளவு தரணும்?"