மைட்டோகாண்ட்ரியா நோயா? மருமகளை மட்டும் குறை சொல்லாதீர்கள்

"மைட்டோகாண்ட்ரியா வியாதின்னா தாய்வழிதானே டாக்டர்? கூகுள்ல பார்த்தோம்." மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிளினிக் நடத்தும் என்னிடம் இப்படிக் கேட்பது பெரும்பாலும் மாமியார். மருமகளோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாயே திறக்க மாட்டாள்.

கூகுள் சொன்னது பாதிதான் சரி. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்து இணைகள், 37 மரபணுக்கள். அது தாயிடமிருந்தே வருகிறது. ஆனால் அதைப் பழுதுபார்க்கும் நொதிகள் அதில் எழுதப்படவில்லை. கெட்டுப்போன எழுத்தை ஒரு நொதி வெட்டி எடுக்கும், காலியிடத்தைப் பாலிமரேஸ் காமா நிரப்பும், அறுந்த இழையை லைகேஸ் 3 ஒட்டும். செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவை ஒட்டும் வேலைக்கு லைகேஸ் 1, 4 என்று வேறு ஆட்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவில் 3 மட்டும்தான். அது மட்டம் போட்டால் மாற்று ஆள் கிடையாது.

இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. லைகேஸ் 3 உடையது 17ஆம் குரோமோசோமில். அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. இரண்டும் பழுதாக இருந்த 7 பேரை, 3 குடும்பங்களில் கண்டறிந்து 2021இல் அறிவித்தார்கள். குடல் அசைவு மந்தம், அதோடு நரம்புக் கோளாறுகள். மிக அரிதான நோய்தான். ஆளுக்கு ஒன்றுதான் பழுது என்பதால் பெற்றோர் இருவரும் நன்றாகவே இருப்பார்கள், அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வராது. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் தோட்டத்துக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று நிற்கும் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று இதைவிட அவசரம். பாலிமரேஸ் காமா மரபணுவில் பழுது இருப்பவருக்கு, வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். சிறு பிள்ளைக்கு வலிப்போடு வளர்ச்சியும் பின்தங்கினால், வீட்டில் காரணம் தெரியாத கல்லீரல் நோய் இருந்தால், அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு முற்றும்.

மரபியல் பிரிவுக்குப் போக அரசு மருத்துவமனையில் கடிதம் கேட்டு வாங்கலாம். போகும்போது யார் யாரைக் கட்டினார்கள், சின்ன வயதில் தவறிய பிள்ளைகள் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பா வீட்டுப் பக்கத்தையும் சேர்த்து.