பேக்லிங்க் வாங்க முதல் உங்கள் சாமானைப் பாருங்கள்

காசு அனுப்ப முதல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இந்த வருடம் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். திருகோணமலையில் ஒன்லைன் கடை தொடங்குகிற ஆட்கள் கூடிவிட்டார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களைக் குறிவைத்து பேக்லிங்க், அதாவது வேறு தளங்களில் இருந்து உங்கள் கடைத் தளத்துக்கு வரும் லிங்க், விற்கிறவர்களும் கூடிவிட்டார்கள்.

கடைசியாக வந்தவர் உப்புவெளியில் வீட்டிலிருந்தே கடை நடத்தும் ஒரு அக்கா. கைப்பை, சமையலறைச் சாமான், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள் விற்கிறார். "ஒரு மாதத்தில் ஆயிரம் பேக்லிங்க், கூகுளில் முதல் பக்கம் உத்தரவாதம்" என்ற பேஸ்புக் விளம்பரத்தை நம்பி 45,000 ரூபா அனுப்பியிருக்கிறார். மாதங்கள் போயும் கூகுள் வழியாக ஒரு ஓடர் கூட இல்லை. "தம்பி, ஆயிரம் காணாதோ, இன்னும் எடுக்கவோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

அவருக்கு வந்த எக்செல் தாளை இருவருமாக வரி வரியாகத் திறந்து பார்த்தோம். முதல் வரி போலந்து மொழித் தளம் ஒன்றில் யாரோ திறந்த வெறும் உறுப்பினர் பக்கம். படம் இல்லை, ஒரு வசனம் இல்லை, கீழே அக்காவின் கடை முகவரி மட்டும். அடுத்தது பல் வைத்தியம் பற்றிய கட்டுரைக்குக் கீழே "நைஸ் போஸ்ட்" என்று ஒரு கொமன்ட். அப்புறம் வரிசையாகச் சூதாட்டத் தளங்கள். கீழே போகப் போக பாதி முகவரிகள் திறக்கவே இல்லை. திறந்த எல்லாவற்றிலும் லிங்க் போட்டிருந்த சொற்கள் ஒன்றேதான்: "பெஸ்ட் ஒன்லைன் ஷொப் ஶ்ரீலங்கா". நூறு இடத்தில் நூறு மனிதர்கள் எழுத்துப் பிசகாமல் ஒரே சொற்களில் ஒரு கடையைப் பரிந்துரைப்பார்களா? அந்தத் தாளைப் பார்த்த எனக்கே ஒரு நிமிடத்தில் விளங்குகிறது, கூகுளுக்கு விளங்காதா?

கூகுள் இணைப்புகளைக் கணக்கில் எடுக்கிறது என்பது பொய் இல்லை. 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது வெளியிட்ட பேஜ்ராங்க் முறையே, ஒரு பக்கத்துக்கு எந்தெந்தப் பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன என்று பார்த்து அதன் முக்கியத்துவத்தைக் கணிப்பதுதான். ஆனால் அந்த முதல் முறையில்கூட எல்லா லிங்கும் சமம் இல்லை, கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் பெறுமதி. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. "எத்தனை" என்பதை மட்டும் சொல்லி விற்கிறார்கள், ஏனென்றால் எண்ணிக்கையைத்தான் மலிவாகச் செய்து கொடுக்கலாம். 2012 ஏப்ரலில் கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இப்படி லிங்க் சேர்த்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் அதைத் தன் முக்கிய முறைக்குள்ளேயே சேர்த்து, கெட்ட லிங்குகளைப் பெரும்பாலும் மதிப்பில்லாமல் ஆக்கிவிடத் தொடங்கியது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெயின் என்ற இயந்திரக் கற்றல் முறையையும் இதே வேலைக்கு இறக்கியது. அதாவது நீங்கள் வாங்கும் ஆயிரத்தில் பெரும்பகுதிக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, ஒன்றுமே நடக்காது. காசு மட்டும் போகும்.

கெட்ட காலம் என்றால் கூகுளின் ஆட்களே பார்த்து நேரடியாகத் தண்டிப்பதும் உண்டு. 2011இல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைத்தொடருக்காகச் சம்பந்தமே இல்லாத தளங்களில் லிங்க் வாங்கிப் போடப்பட்டிருந்ததை ஒரு பத்திரிகை வெளியில் கொண்டுவந்தது. கூகுள் அந்தத் தளத்தைத் தேடல் முடிவுகளில் ஆழத்துக்குத் தள்ளியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி அவர்கள் எஸ்.இ.ஓ., அதாவது தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, செய்த நிறுவனத்தை நிறுத்தினார்கள், ஆனால் கீழே போனது அவர்களின் தளம்தானே. உங்கள் கடைக்கும் அதே கணக்குத்தான். லிங்க் போட்டவர் வேறு பெயரில் அடுத்த விளம்பரம் போடுவார்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது டி.ஏ. என்ற எண்ணில்தான். "டி.ஏ. 60 தளத்தில் லிங்க், அதனால் விலை கூட" என்கிறார்கள், நம் ஆட்களும் அதைக் கூகுள் கொடுத்த தரச் சான்றிதழ் மாதிரி நினைக்கிறார்கள். டி.ஏ. என்பது மொஸ் என்ற தனியார் நிறுவனம் 1 முதல் 100 வரை தானாகக் கணக்குப் போடும் எண். டி.ஆர். என்பது ஏரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் எண். கூகுள் இரண்டையும் தன் தரவரிசைக்கு எடுப்பதில்லை. தளங்களை ஒப்பிட்டுப் பார்க்க எங்களைப் போன்றவர்களுக்கு உதவும், அவ்வளவுதான். இன்னும் மோசம் என்னவென்றால் அந்த எண்ணையே குப்பை லிங்குகளால் ஏற்றலாம். ஏற்றிவிட்டு, அந்த உயர்ந்த எண்ணைக் காட்டி உங்களுக்கு லிங்க் விற்கிறார்கள். ஒரு மனிதரும் வாசிக்காத தளத்துக்கு டி.ஏ. 60 இருந்தால் என்ன, 6 இருந்தால் என்ன? தயவுசெய்து அந்த எண்ணைக் கேட்பதை விடுங்கள். அந்தத் தளத்தை யார் வாசிக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் சாமான் தேவையா என்று கேளுங்கள்.

சரி, அக்காவிடம் நான் கேட்ட கேள்விக்கு வருவோம். "உங்கள் கடையைப் பற்றி வேறொருவர் தன் தளத்தில் எழுத என்ன காரணம் இருக்கிறது?" அவரால் பதில் சொல்ல முடியவில்லை, அது அவர் பிழையும் இல்லை. கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போடும் படங்களை அப்படியே கடையில் ஏற்றுகிறார். அதே குழுவில் இருக்கும் மற்றவர்களும் அதே படம், அதே விபரத்தைத்தான் ஏற்றுகிறார்கள். இதற்கென்று கூகுள் தண்டிப்பதில்லை, ஆனால் ஒரே விபரம் பல தளங்களில் இருந்தால் அதில் ஒன்றைத்தான் பெரும்பாலும் காட்டும். அந்த ஒன்று நீங்களாக இருக்கக் காரணம் வேண்டாமா? லிங்க் கிடைக்குமா இல்லையா என்பது சாமான் எடுக்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இதை எஸ்.இ.ஓ. வேலை என்று யாரும் நினைப்பதில்லை, நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூதூர்ப் பக்கம் பனையோலை பின்னும் பெண்களிடம் பெட்டியும் கூடையும் எடுத்து விற்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். படங்கள் அவர் எடுத்தவை. ஓலையை எப்படி வார்ந்து சாயம் போடுகிறார்கள், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைப்பது, எந்த அளவுப் பெட்டிக்குள் என்ன அடங்கும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் அவரே எழுதியிருக்கிறார். நிலாவெளியில் இரண்டு விடுதிகள் அறைகளில் அந்தக் கூடைகளை வைத்து, தங்கள் தளத்தில் எங்கே வாங்கியது என்று குறிப்பிட்டு லிங்க் கொடுத்தன. சீசனுக்கு வந்து தங்கிய வெளிநாட்டுப் பெண் ஒருவர் தன் பயணப் பக்கத்தில் எழுதினார். கைவிரலில் எண்ணக்கூடிய லிங்குகள்தான், ஆனால் அவற்றை அழுத்தி ஆட்கள் வருகிறார்கள், வாங்குகிறார்கள். ஒரு சதம் கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து எடுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அலிபாபா என்ற சீன மொத்த வியாபாரத் தளத்தில் கோல்ட் சப்ளையர் என்ற அடையாளம் காசு கட்டி எடுக்கும் உறுப்புரிமை, அதை நேர்மைக்கான சான்று என்று எடுக்க வேண்டாம். மாதிரி ஒன்றை வரவழைத்துக் கையில் பார்க்காமல் மொத்தமாக ஓடர் போடாதீர்கள். காசு அனுப்பும் நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் நிறுத்துங்கள், முன்பே உங்களிடம் இருந்த இலக்கத்தில் அழைத்துப் பேசுங்கள். சுங்க வரி, 18 வீத வற் வரி, கிளியரிங் கூலி எல்லாம் போட்டுப் பார்த்த பிறகுதான் விற்கிற விலையை எழுதுங்கள். ஸ்டொக் இல்லாமல் சீனாவில் இருந்து நேரே அனுப்பலாம் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்களே, இங்கே கனபேர் பார்சல் கைக்கு வந்த பிறகுதான் காசு கொடுப்பார்கள், சீன வியாபாரியோ முதலே கேட்பான். வாரக்கணக்கில் காத்திருந்த கிண்ணியா வாடிக்கையாளர் "இப்ப வேண்டாம்" என்று திருப்பினால் அந்த நட்டம் முழுக்க உங்கள் தலையில்.

வெள்ளையாக்கும் கிரீம்களைத் தொடவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். பாதரசம் கலந்தவை சந்தையில் ஓடுகின்றன, பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேபிளில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத எதையும் உங்கள் கடைப் பெயரில் விற்காதீர்கள். பிராண்ட் பெயர் போட்ட போலிச் சாமானும் அப்படித்தான். அதற்கு லிங்க் தரும் தளம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மற்றவை சுருக்கமாக. டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். தளம் செய்து தந்தவரின் பெயரில் விட்டுவிட்டு பிறகு அழுது பிரயோசனமில்லை. கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம், வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் கடை என்றால் இன்றைக்கே போடுங்கள். நீங்கள் சாமான் எடுக்கும் உள்ளூர் உற்பத்தியாளருக்குத் தளம் இருந்தால், எங்கே வாங்கலாம் என்ற இடத்தில் உங்கள் கடையையும் சேர்க்கச் சொல்லுங்கள், வாய் திறந்து கேட்டால் கொடுப்பார்கள். விடுதிகளிடம் மே மாதம் சீசன் தொடங்க முதலே போய்ப் பேசுங்கள், பிறகு அவர்களுக்கு நேரம் இருக்காது. விளம்பரமாகக் காசு கொடுத்து ஒரு தளத்தில் இடம் எடுப்பது குற்றம் இல்லை, ஆனால் அந்த லிங்கைத் தரவரிசைக்கு எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பொன்சர்ட் அல்லது நோஃபொலோ என்ற குறியைப் போடச் சொல்லுங்கள். முதல் இடம் உத்தரவாதம் என்கிறவரிடம் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள், அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் பயந்து ஓடித் திரிய வேண்டாம். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் உங்கள் சொந்தக் கணக்கால் உள்ளே போய், கூகுளின் ஆட்கள் கொடுத்த தண்டனை இருந்தால் காட்டும் மனுவல் அக்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால் புதிதாக வாங்குவதை நிறுத்தினால் போதும். இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ என்ற கருவியால் லிங்குகளைத் தள்ளிவிடுகிறேன் என்று இன்னொருவர் காசு கேட்பார், கொடுக்காதீர்கள். தண்டனை வந்தவர்களுக்கும் வரக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கும்தான் அது. தெரியாமல் கைவைத்தால் இருக்கிற நல்ல லிங்கும் போய்விடும். அந்தப் பக்கத்தில் ஏதாவது அறிவித்தல் இருந்தால் மட்டும் அந்த எக்செல் தாளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.